ஷிஃப்ட்டுக்கு முன்னும் பின்னும்: பாக்கெட் நாவல், காமிக்ஸ், கொட்டகை

பாக்கெட் நாவலுக்கு எத்தனை பக்கம், காமிக்ஸ் புத்தகம் எந்த அளவு, கொட்டகையில் எத்தனை மணிக்குப் படம் என்ற மூன்றையும் தமிழ்நாட்டில் முடிவு செய்தது வேலை நாள்தான். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் அந்த நாளுக்கு ஓர் அளவு வைத்தது. நாளொன்றுக்கு 9 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம், தொடர்ந்து 5 மணி நேரம் வேலை பார்த்தவருக்குக் குறைந்தது அரை மணி ஓய்வு, வாரத்தில் ஒரு நாள் விடுமுறை. மிஞ்சும் நேரத்தில் தூக்கம், சமையல், பிள்ளைகள், பஸ்ஸுக்குக் காத்திருப்பது என எல்லாம் தங்கள் பங்கை எடுத்துக்கொள்ளும். கடைசியில் கையில் தங்குவது தினம் ஓர் அரை மணி, முக்கால் மணி. வாரக் கடைசியில் ஒரு மூன்று மணி நேரம். அந்தத் துண்டு நேரத்துக்குள் கதை சொல்லத் தெரிந்தவர்கள் நூறாண்டுக்கும் மேலாகத் தமிழில் இருந்துவருகிறார்கள். அவர்களுடைய தொழில் நுணுக்கத்துக்கு இலக்கிய வரலாறுகள் கொடுத்த இடம் மிகக் குறைவு.

துப்பறிவாளர்கள் வந்த வழி

தமிழில் விறுவிறுப்பான நாவல் 20ஆம் நூற்றாண்டின் முதல் இருபது ஆண்டுகளுக்குள்ளேயே வேரூன்றிவிட்டது. ஜே.ஆர். ரங்கராஜுவின் ‘இராஜாம்பாள்’ 1908இல் வந்தது. அவருடைய துப்பறிவாளர் கோவிந்தன் அன்றைய வாசகர்களுக்குத் தெரிந்த மனிதரைப் போலவே ஆகிவிட்டார். ‘ஆனந்தபோதினி’ இதழோடு சேர்த்து நினைக்கப்படும் ஆரணி குப்புசாமி முதலியார், ஆங்கிலத்தில் படித்த மர்மக் கதைகளின் ஊரையும் பேரையும் மாற்றித் தமிழாக்கித் தந்தார். வடுவூர் துரைசாமி ஐயங்காரின் ‘மேனகா’, ‘கும்பகோணம் வக்கீல்’, ‘திகம்பர சாமியார்’ ஆகியவை கச்சேரி குமாஸ்தா முதல் பள்ளிக்கூட வாத்தியார் வரை மாதச் சம்பளக்காரர்களின் வீடுகளுக்குள் நுழைந்தன. அந்த வீடுகளின் பெண்களும் அவற்றைப் படித்தார்கள். வை.மு. கோதைநாயகி அம்மாள் 1925இல் ‘ஜகன்மோகினி’ இதழின் பொறுப்பை ஏற்று அதில் தொடர்ந்து நாவல்கள் எழுதினார். அவர் எழுதிய நாவல்கள் 115. பள்ளிக்கூடம் போகாமல் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்ட ஒரு பெண், ஓர் இதழை நடத்திக்கொண்டே இத்தனை நாவல்களை எழுதியது தமிழ் வெகுஜன எழுத்தின் பெரிய சாதனை.

1931இல் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. தமிழின் முதல் பேசும் படமான ‘காளிதாஸ்’ வெளிவந்ததும் அதே ஆண்டில்தான். வீடு ஓர் இடம், வேலை ஓர் இடம், நடுவில் ஒரு மணி நேரப் பயணம் என்ற வாழ்க்கை அமைந்தவுடன் பயணத்தில் படிப்பதற்கான புத்தகத்துக்கும் இடம் பிறந்தது. ரயில் நிலையங்களின் ஹிக்கின்பாதம்ஸ் கடைகளும் பஸ் ஸ்டாண்டின் பெட்டிக் கடைகளும் அந்த இடத்தை நிரப்பின. எஸ்.ஏ.பி. அண்ணாமலை 1947இல் தொடங்கிய ‘குமுதம்’, வாரம் ஒரு தவணை என்று வாசகரைக் கதையோடு கட்டிப்போட்டது. அதே குழுமத்தின் ‘கல்கண்டு’ இதழை நடத்திய தமிழ்வாணன், கறுப்புக் கண்ணாடியும் தொப்பியுமாகத் தானே ஒரு கதாபாத்திரம் போலத் தோன்றியவர். அவருடைய சங்கர்லால் வெளிநாட்டு நகரங்களில் குற்றவாளிகளைத் துரத்துவார். யோசிக்க வேண்டிய கட்டத்தில் தேநீர் குடிப்பார். கடைத் தெருவைத் தாண்டிப் போகாத வாசகருக்கு ஹாங்காங்கும் கிடைத்தது, தன் கையில் இருக்கும் அதே டீயும் கிடைத்தது.

சுஜாதாவின் விஷயம் வேறு. பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பொறியாளராக இருந்தபடியே அவர் எழுதினார். மின்னணு வாக்குப் பதிவு இயந்திரத்தை உருவாக்கிய பணியில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. 1968இல் ‘குமுதத்தில்’ வந்த ‘நைலான் கயிறு’ நாவலில் வக்கீல் கணேஷ் அறிமுகமானார். பின்னால் வசந்த் வந்து சேர்ந்தார். அலுவலகம் என்பது எப்படி இருக்கும், மேலதிகாரி எப்படிப் பேசுவார், ஃபைல் எங்கே தேங்கும் என்பதெல்லாம் அவர் கதைகளில் சரியாக இருக்கும். பகல் முழுக்க அங்கேயே இருந்தவர் எழுதியது அது. வாக்கியத்தைச் சுருக்கியதும் அவர் கொண்டுவந்த மாற்றம்தான். நின்றுகொண்டே படிப்பவருக்கு நீண்ட வாக்கியம் ஆகாது.

நூறு பக்கத்துக்குள் ஒரு கொலை

1980களில் பாக்கெட் நாவல் உச்சத்துக்கு வந்தது. ஜி. அசோகன் வெளியிட்ட ‘பாக்கெட் நாவல்’, ‘க்ரைம் நாவல்’, குமுதம் குழுமத்தின் ‘மாலைமதி’, தினத்தந்தி குழுமத்தின் ‘ராணிமுத்து’ எல்லாம் கடையில் கயிறு கட்டி க்ளிப் மாட்டித் தொங்கின. கோயம்புத்தூரின் ராஜேஷ்குமாருக்கு 1980இல் ‘மாலைமதி’யில் முதல் நாவல் வந்தது. அதன் பிறகு அவர் எழுதிய நாவல்களின் எண்ணிக்கை 1,500ஐத் தாண்டும். அவருக்கு விவேக்–ரூபலா, பட்டுக்கோட்டை பிரபாகருக்கு பரத்–சுசீலா, சுரேஷும் பாலகிருஷ்ணனும் சேர்ந்து எழுதிய சுபாவுக்கு நரேந்திரன்–வைஜெயந்தி. மாதம் தவறாமல் வந்த இந்த ஜோடிகள் பல லட்சம் பேருக்குச் சொந்தக்காரர்களைப் போலப் பழகிப்போனார்கள்.

புத்தகத்தைக் கையில் எடுத்துப் பார்த்தால் அதன் கணக்கு விளங்கும். சட்டைப் பையிலோ கைப்பையிலோ அடங்கும் அளவு. நூறு பக்கத்தை ஒட்டிய உள்ளடக்கம். பழுப்பேறும் நியூஸ்பிரிண்ட் தாள். முதுகில் கம்பிப் பின். மடித்துப் பிடித்து ஒரே கையால் படிக்கலாம், மறு கை பஸ்ஸின் கம்பியைப் பிடித்துக்கொள்ளும். முன்பக்கம் ஆசிரியரின் கடிதம், பின்பக்கம் அடுத்த மாத நாவலின் அறிவிப்பு. அத்தியாயம் நாலைந்து பக்கத்துக்கு மேல் போகாது. பத்தி இரண்டு மூன்று வரிதான்; உரையாடல் வந்தால் ஒவ்வொரு பேச்சும் தனி வரி. சாலையின் பள்ளத்தில் பஸ் தூக்கிப் போட்டாலும் விட்ட இடத்தைக் கண் உடனே கண்டுபிடித்துவிடும். மங்கலான பல்பு வெளிச்சத்தில் படிப்பவருக்கும் இந்த அமைப்பு உதவியது. காகிதத்தை வீணடிக்கும் எழுத்து என்று இதைக் குறை சொன்னவர்கள் உண்டு. கூட்டமான பஸ்ஸில் நின்றபடி படித்துப் பார்த்தால் அந்தக் குறையின் அருமை தெரியும்.

ராஜேஷ்குமாரின் பல நாவல்களில் இரண்டு கதைகள் மாறி மாறி ஓடும். ஒற்றைப்படை அத்தியாயத்தில் ஒரு குடும்பம், கல்யாணப் பேச்சு, வீட்டுக்கு வரும் அறிமுகமில்லாத ஒரு கடிதம். இரட்டைப்படை அத்தியாயத்தில் வேறோர் ஊர், ஒரு மருத்துவமனை, பிணக்கிடங்கிலிருந்து காணாமல் போன உடல். இரண்டுக்கும் என்ன தொடர்பு என்பது கடைசிச் சில பக்கங்களில்தான் தெரியவரும். இது வெறும் மர்ம உத்தி என்று நினைக்க வேண்டியதில்லை. விட்டு விட்டுப் படிப்பவருக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. ஒவ்வொரு அத்தியாயமும் தடம் மாறித் தொடங்குவதால் ஆட்களின் பேர், இடம், நேரம் எல்லாவற்றையும் ஆசிரியர் மறுபடி சொல்லியே ஆக வேண்டும். காலையில் மூடிய புத்தகத்தை மாலையில் திறப்பவருக்கு நினைவூட்டல் கதைக்குள்ளேயே கிடைத்துவிடுகிறது. அத்தியாயத்தின் கடைசி வரியில் கதவு திறக்கும், போன் அடிக்கும், யாரோ அலறுவார்கள். அடுத்தது என்ன என்று தெரிந்துகொள்ளச் சாப்பாட்டு இடைவேளை வரை பொறுத்திருக்க வேண்டும். நாள் முழுக்க இயந்திரத்தின் முன்னால் நிற்கும் ஒருவருக்கு, மனத்துக்குள் அசைபோட ஒரு புதிர் கிடைப்பது சிறிய விஷயமே இல்லை.

சராசரி வேகத்தில் படிப்பவர் இந்த அளவு நாவலை இரண்டு மணி நேரத்தை ஒட்டி முடித்துவிடுவார். தாம்பரத்தில் ஏறிக் கடற்கரையில் இறங்குபவருக்குப் போகவர அவ்வளவு நேரம் ஆகும். காலையில் கொலை, மாலையில் கைது. ஓர் ஊழியர் வாங்கிய புத்தகம் அலுவலகத்தில் மேஜை மாறும், பிறகு ஒருவர் வீட்டுக்குப் போகும், அங்கிருந்து பக்கத்து வீட்டுக்கு. விற்ற பிரதிகளைவிடப் படித்தவர்களின் எண்ணிக்கை பல மடங்கு இருந்தது இப்படித்தான்.

குறைகளையும் சொல்ல வேண்டும். மாதக் கெடுவுக்குள் எழுதப்பட்டதால் பல நாவல்களில் முடிவு அவசரமாக வந்து விழும். குற்றத்துக்குப் பலியாவது பெரும்பாலும் ஓர் இளம் பெண். அட்டையில் கதைக்குச் சம்பந்தமில்லாத கவர்ச்சிப் படம். அட்டைக்குச் செய்தித்தாள் உறை போட்டுப் படித்தவர்கள் ஏராளம். கதை தன் தகுதியாலேயே விற்றிருக்கக்கூடிய காலத்திலும் பதிப்பாளர்கள் இந்தப் பழக்கத்தை விடவில்லை. அது அந்த எழுத்தாளர்களுக்கே இழைக்கப்பட்ட அநீதி.

ஷிஃப்ட் இல்லாத வேலையும் உண்டு. சமையலறையில் நாள் முழுக்க நிற்கும் பெண்ணுக்குச் சங்கு ஊதி விடுதலை கிடைப்பதில்லை. பாத்திரம் கழுவி முடிந்து, பிள்ளைகள் பள்ளியிலிருந்து வரும் வரை உள்ள பிற்பகல் இரண்டு மணி நேரம்தான் அவருடையது. அந்த நேரத்தின் எழுத்தாளர் ரமணிசந்திரன். குடும்பம், கோபம், தவறான புரிதல், கடைசியில் கல்யாணம் என்று போகும் அவருடைய நாவல்கள் வாடகை நூலகங்களில் அலமாரி தங்காமல் சுற்றின. முன்பணம் கட்டி, புத்தகத்துக்கு இத்தனை என்று வாடகை கொடுத்து எடுத்துப் படிக்கும் இந்த நூலகங்கள் நகரங்களில் தெருவுக்குத் தெரு இருந்தன. சென்னையில் 1955இல் தொடங்கிய ஈஸ்வரி லெண்டிங் லைப்ரரி அவற்றில் பேர்பெற்றது. வார இதழ்களில் வரும் தொடர்கதையைப் பக்கம் பக்கமாகக் கிழித்து எடுத்து, முடிந்ததும் பைண்ட் பண்ணி வைப்பதும் வீட்டுப் பெண்கள் வளர்த்த பழக்கம். படங்களோடு சேர்ந்த அந்த பைண்டு வால்யூம்களைப் பழைய புத்தகக் கடைகளில் இன்றும் தேடுகிறார்கள். ஜெயராஜ், மாருதி போன்ற ஓவியர்களின் படங்கள் அவற்றில்தான் கதையோடு சேர்ந்து உயிரோடு இருக்கின்றன.

சிவகாசியிலிருந்து வந்த இரும்புக்கை

படக்கதையைத் தமிழ் உழைப்பாளி முதலில் தினமும் சந்தித்தது டீக்கடையில். ‘தினத்தந்தி’யில் 1960இல் தொடங்கிய ‘கன்னித்தீவு’ 20,000 நாட்களைத் தாண்டியும் முடியவில்லை. அதன் நாயகன் சிந்துபாத்தின் நிலைமையைப் பார்க்க அரை நிமிடம் போதும். ஒரு டீக்குள் தலைப்புச் செய்தி, ராசிபலன், கன்னித்தீவு மூன்றும் முடிந்துவிடும். எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகியவர்களில் இந்தச் சில கட்டங்களை வைத்தே பழகியவர்கள் பலர்.

தனிப் புத்தகமாகக் காமிக்ஸைத் தமிழில் நிலைநிறுத்தியது அச்சுத் தொழிலின் ஊரான சிவகாசி. சௌந்தரபாண்டியன் 1972இல் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் வெளியீடு ‘இரும்புக்கை மாயாவி’. பிரிட்டனில் ‘வாலியன்ட்’ வார இதழில் 1962 முதல் வந்த கதை அது; வரைந்தவர் ஸ்பெயின் நாட்டின் ஹெசுஸ் பிளாஸ்கோ. கதாநாயகன் லூயி கிராண்டல் ஓர் ஆய்வுக்கூடத்தின் உதவியாளர். விபத்தில் கை போய், இரும்புக் கை பொருத்தப்பட்டவர். மின்சாரம் பாய்ந்தால் உடல் மறைந்து அந்தக் கை மட்டும் கண்ணுக்குத் தெரியும். வேலை செய்யும் இடத்தில் அடிபட்ட ஒரு மனிதனுக்கு, அடிபட்ட அந்த உறுப்பே பலமாக மாறும் கதை இது. பட்டறையும் மில்லும் நிறைந்த ஊர்களில் அது அப்படி ஒட்டிக்கொண்டதில் வியப்பில்லை. ஜானி நீரோ, லாரன்ஸ்–டேவிட் என்று அடுத்தடுத்து வந்தார்கள்.

1984இல் ஒரே சமயத்தில் இரண்டு தொடக்கங்கள். எஸ். விஜயன் லயன் காமிக்ஸை மாடஸ்தி பிளைஸி கதையோடு ஆரம்பித்தார். தினத்தந்தி குழுமம் ஜேம்ஸ் பாண்டை முன்னிறுத்தி ‘ராணி காமிக்ஸ்’ கொண்டுவந்தது. மாதம் இருமுறை, 2005 வரை, 500 இதழ்கள். தினசரிப் பத்திரிகையை ஊர் ஊராகக் கொண்டுபோகும் ஏற்பாடு பின்னால் இருந்ததால் ராணி காமிக்ஸ் மிகச் சிறிய கிராமத்துப் பெட்டிக் கடைக்கும் போய்ச் சேர்ந்தது. லீ ஃபாக்கின் வேதாளனை அங்கே ‘மாயாவி’ என்றார்கள். எனவே தமிழ் வாசகர்களுக்கு இரண்டு மாயாவிகள். எந்த மாயாவியைச் சொல்கிறோம் என்பதைத் தெளிவுபடுத்திக்கொண்டுதான் பேச்சே தொடங்கும்.

மொழிபெயர்ப்பைப் பற்றி ஒரு வார்த்தை. பலூனுக்குள் இருக்கும் இடம் சின்னது. தமிழ்ச் சொல் நீளம். மூலத்தின் இரண்டு சொல்லுக்கு நாலு சொல் தேவைப்படும்போது வாக்கியத்தின் எலும்பை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைப் படத்திடம் விட்டுவிட வேண்டும். சிவகாசிக்காரர்கள் இந்த வேலையைப் பல ஆண்டுகள் செய்து தங்களுக்கென்று ஒரு நடையையே உண்டாக்கினார்கள். இத்தாலியில் 1948இல் போனெல்லியும் காலெப்பினியும் உருவாக்கிய டெக்ஸ் வில்லர் தமிழில் இரவுக் கழுகார் ஆனார். அரிசோனாவின் பாலைவனத்தில் ஒரு ரேஞ்சர் ‘அவர்’ என்ற மரியாதையோடு குதிரையில் வருவதைத் தமிழ் வாசகர் இயல்பாக எடுத்துக்கொண்டார். பிரெஞ்சு மொழியின் புளூபெரி இங்கே கேப்டன் டைகர். பெல்ஜியத்தின் வான் ஹாமும் வான்ஸும் 1984இல் தொடங்கிய தொடர் ‘இரத்தப் படலம்’ என்ற பெயரில் வந்தது. நினைவிழந்த ஒருவன் தன்னைத் தேடும் அந்தக் கதையின் 18 பாகங்களை 2010இல் ஒரே தடித்த புத்தகமாக லயன் வெளியிட்டது.

கொஞ்ச காலத் தொய்வுக்குப் பின் 2012இல் லயனும் முத்துவும் வண்ணத்தில், வழவழப்பான தாளில், பெரிய அளவில் மறுபடி புறப்பட்டன. விலை ஏறியது; கடையில் தொங்கிய புத்தகம் சந்தா கட்டி கூரியரில் வாங்கும் புத்தகமாக மாறியது. வாங்குபவர் சிறுவரில்லை. எண்பதுகளில் பள்ளிக்கூடப் பையில் ஒளித்துப் படித்தவர்கள் இன்று வங்கியிலும் பணிமனையிலும் பள்ளி ஆசிரியர் அறையிலும் இருக்கிறார்கள். மாத ஆரம்பத்தில் வரும் கூரியர் பார்சல் அவர்களுக்கானது. டெக்ஸ் மட்டும் பெரும்பாலும் கறுப்பு வெள்ளையிலேயே தடித்த புத்தகங்களாக வருகிறார். அவருக்கு அந்த மையின் கறுப்புதான் அழகு. சென்னைப் புத்தகக் காட்சி நடக்கும் ஜனவரியில் காமிக்ஸ் அரங்குக்கு வெளியூர்களிலிருந்து லீவு போட்டுவிட்டு வருபவர்கள் உண்டு. அதில் ஒரு பகுதியினர் சேகரிப்பாளர்கள்; பழைய முத்து காமிக்ஸ் ஒன்றுக்குக் கணிசமான தொகை கொடுக்கத் தயங்காதவர்கள். ஒரு காலத்தில் அதே இதழ்கள் சென்னை மூர் மார்க்கெட்டின் பழைய புத்தகக் கடைகளில் குவியலாகக் கிடந்தன. அந்தக் கட்டடம் 1985இல் தீக்கு இரையானது.

நாலு ஆட்டம்

தமிழ்நாட்டுக்குச் சினிமாவை ஊர் ஊராகக் கொண்டுபோனவரே ஒரு சம்பளக்காரர்தான். திருச்சியில் ரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905இல் டுபான்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியை விலைக்கு வாங்கி, வேலையை விட்டுவிட்டுக் கூடாரத்தோடு கிளம்பினார். 1914இல் கோயம்புத்தூரில் அவர் கட்டிய வெரைட்டி ஹால் நிரந்தரத் திரையரங்கானது. அந்தத் தெரு இன்றும் அதன் பெயரைத் தாங்கி நிற்கிறது.

கிராமத்து டூரிங் கொட்டகை இரவில் மட்டும் ஓடும், இரண்டே ஆட்டம். பகலில் படம் காட்ட முடியாத கீற்றுக் கொட்டகை என்பது ஒரு காரணம். பகலில் பார்க்க ஆள் கிடையாது என்பது அதைவிடப் பெரிய காரணம். நடவுக்கும் களையெடுப்புக்கும் போனவர்கள் பொழுது சாய்ந்து வீடு திரும்பி, குளித்து, உலை வைக்கும்போது கொட்டகையின் கூம்பு ஒலிபெருக்கியில் பக்திப் பாட்டு கேட்கும். பாட்டு மாறும் வரிசையை வைத்தே எவ்வளவு நேரம் இருக்கிறது என்று கணித்துவிடுவார்கள். தரை, பெஞ்சு, சேர் என்று மூன்று வகுப்பு. தரை என்றால் மணல்தான். குவித்து உட்கார்ந்தால் முன்னால் இருப்பவரின் தலை மறைக்காது. பல கொட்டகைகளில் புரொஜக்டர் ஒன்றே இருந்ததால் ரீல் மாற்ற அடிக்கடி இடைவேளை விட்டார்கள். முறுக்கும் சோடாவும் அந்த நேரத்தில்தான் விற்றன.

நகரத்தில் கணக்கு வேறு. காலைக் காட்சி, மேட்னி, முதல் ஆட்டம், இரண்டாம் ஆட்டம் என்ற நான்கையும் ஆலைகளின் ஷிஃப்ட்டோடு வைத்துப் பார்த்தால் பொருத்தம் தெரியும். கோயம்புத்தூர் மில்களில் பகல் ஷிஃப்ட், ஹாஃப் நைட், ஃபுல் நைட் என்பார்கள். ஃபுல் நைட் முடித்து வந்து ஒரு தூக்கம் போட்டவருக்கு மேட்னி. பகல் ஷிஃப்ட் முடித்தவருக்கு முதல் ஆட்டம். மாலையில் கடை கட்டிவிட்டு வரும் வியாபாரிக்கும் ஹோட்டல் ஊழியருக்கும் இரண்டாம் ஆட்டம். மதுரைக்குத் தூங்கா நகரம் என்ற பெயர் வந்ததற்கு ஹார்வி மில்லின் ஷிஃப்ட்டையும் இரண்டாம் ஆட்டத்தையும் சேர்த்தே காரணம் சொல்வார்கள். அங்கே 1952இல் ‘பராசக்தி’யோடு திறக்கப்பட்ட தங்கம் தியேட்டரில் இரண்டாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் ஒரே சமயத்தில் உட்கார முடிந்தது. நள்ளிரவுக்குப் பின் அத்தனை பேரும் வெளியே வந்தால் இட்லிக் கடையும் டீக்கடையும் திறந்துதானே இருக்க வேண்டும். வீடு திரும்பும் வழியில் ரோந்துப் போலீஸ் நிறுத்திக் கேட்டால் காட்டுவதற்கு, கிழித்துக் கொடுத்த பாதி டிக்கெட்டைச் சட்டைப் பையில் பத்திரமாக வைத்திருப்பார்கள்.

சம்பளத் தேதியும் படம் ஓடுவதை நிர்ணயித்தது. தீபாவளிக்குப் பெரிய படங்கள் வெளியாவதற்கும் அதற்கு முன்னால் ஆலைகளில் போனஸ் பட்டுவாடா ஆவதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. சட்டப்படி குறைந்தபட்ச போனஸ் 8.33 சதவீதம், வரம்புக்கு உட்பட்ட ஆண்டுச் சம்பளத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு. துணிமணி, பட்டாசு போகக் கையில் நிற்கும் காசில் குடும்பத்தோடு ஒரு படம். 1944 தீபாவளிக்குச் சென்னை பிராட்வே தியேட்டரில் வந்த எம்.கே. தியாகராஜ பாகவதரின் ‘ஹரிதாஸ்’ மூன்று தீபாவளிகளைப் பார்த்தது.

தாளிலிருந்து திரைக்கு

இந்த மூன்று பொழுதுபோக்குகளும் தனித்தனியாக வளரவில்லை. ‘மேனகா’ 1935இல் ராஜா சாண்டோ இயக்கத்தில் படமானது. ‘திகம்பர சாமியார்’ 1950இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் தயாரிப்பாக வந்தது. பல வேடங்களில் வந்து துப்பறிந்தவர் எம்.என். நம்பியார். வில்லனாகவே மக்கள் நினைவில் தங்கிவிட்ட அவரைக் கதாநாயகனாகப் பார்க்க விரும்புகிறவர்கள் தேடிப் பார்க்க வேண்டிய படம். அதே மாடர்ன் தியேட்டர்ஸ் 1966இல் ஜெய்சங்கரை வைத்து ‘இரு வல்லவர்கள்’, ‘வல்லவன் ஒருவன்’ என்று துப்பாக்கியும் ரகசிய அறையுமாகப் படங்கள் எடுத்தது. பாக்கெட் நாவலின் வேகம் அப்படியே திரையில் இருந்தது, செலவும் அடக்கம். வெள்ளிக்கிழமைதோறும் படம் வெளிவருகிறது என்று அவரை வெள்ளிக்கிழமை ஹீரோ என்றே அழைத்தார்கள். முத்து காமிக்ஸ் தொடங்கிய அதே 1972இல் கர்ணன் இயக்கிய ‘கங்கா’, ‘ஜக்கம்மா’ படங்களில் ஜெய்சங்கர் கௌபாய் தொப்பியோடு குதிரையில் வந்தார். தமிழ் ரசிகர் அதை வேற்றுக் கிரகமாகப் பார்க்கவில்லை. 2010இல் சிம்புதேவன் ‘இரும்புக்கோட்டை முரட்டுச் சிங்கம்’ எடுத்தபோது அவர் கைவைத்தது, காமிக்ஸும் இந்தப் படங்களும் சேர்ந்து பல ஆண்டுகளாகச் சேர்த்துவைத்த ரசனையில்தான்.

சுஜாதாவின் ‘காயத்ரி’ 1977லும் ‘ப்ரியா’ 1978லும் படமாயின. சுபா இரட்டையர் கே.வி. ஆனந்தோடு சேர்ந்து ‘கனா கண்டேன்’, ‘அயன்’, ‘கோ’ என்று எழுதினார்கள். அத்தியாயக் கடைசியில் வாசகரை நிறுத்திவைக்கும் அந்தப் பழைய பயிற்சி, இடைவேளைக்கு முந்தைய காட்சிகளில் நன்றாகத் தெரியும். ராஜேஷ்குமாரின் நாவலை எடுத்துக்கொண்டு அறிவழகன் 2017இல் ‘குற்றம் 23’ இயக்கினார். தொலைக்காட்சியில் இந்திரா சௌந்தர்ராஜனின் ‘மர்மதேசம்’ தொடரை நாகா இயக்கியபோது, வேலை முடிந்து வந்த குடும்பங்கள் அந்த நேரத்தில் வேறு எதற்கும் எழுந்திருக்கவில்லை. 2008இல் சென்னை பிளாஃப்ட் பதிப்பகம், ப்ரீதம் சக்ரவர்த்தியின் மொழிபெயர்ப்பில் தமிழ் மர்ம எழுத்துகளின் தொகுப்பை ஆங்கிலத்தில் கொண்டுவந்தது. தமிழ் விமர்சகர்கள் திரும்பிப் பார்க்காத எழுத்தை வேற்று மொழி வாசகர்கள் ஆர்வத்தோடு வாங்கிப் படித்தார்கள்.

கைக்குள் வந்த திரை

செல்போன் வந்தபின் துண்டு நேரத்துக்குப் போட்டி கடுமையானது. பஸ்ஸில் புத்தகம் பிடித்திருந்த கைகளில் இப்போது திரை. 2020 ஊரடங்கில் பஸ்ஸும் ரயிலும் நின்றபோது அவற்றை நம்பியிருந்த புத்தகக் கடைகளும் மூடின. திறந்தபின் கயிற்றில் தொங்கும் இதழ்களின் எண்ணிக்கை குறைந்திருந்தது. ஆனால் கதை போன இடம் தெரிகிறது. பழைய பாக்கெட் நாவல்கள் மின்னூல்களாகக் கிடைக்கின்றன. பிரதிலிபி போன்ற செயலிகளில் தொடர்கதை தினம் ஓர் அத்தியாயமாக வருகிறது; எழுதுபவர்களிலும் படிப்பவர்களிலும் பெண்கள் நிறையப் பேர். அத்தியாய நீளமும் கடைசி வரித் திருப்பமும் அப்படியே பாக்கெட் நாவலுடையவை. ஒலி வடிவில் மர்மக் கதை கேட்டபடியே தையல் மெஷின் மிதிப்பவர்களும் லாரி ஓட்டுபவர்களும் இருக்கிறார்கள். கையும் கண்ணும் வேலையில் இருக்கும்போதே கதை நடப்பது இதற்கு முன் வானொலி நாடகத்தால் மட்டும் முடிந்தது.

திரையரங்கின் நேரமும் மாறியது. பெரிய நடிகர்களின் படங்களுக்கு விடிகாலை 4 மணிக்கே முதல் காட்சி போடும் வழக்கம் வந்தபோது, ரசிகர் படத்தைப் பார்த்துவிட்டு 9 மணிக்கு வேலைக்குப் போய் உட்கார முடிந்தது. தூக்கம் போனாலும் லீவு மிச்சம். 2023 பொங்கல் வெளியீடுகளுக்குப் பின் தமிழ்நாடு அரசு விடிகாலைக் காட்சிகளை அனுமதிக்கவில்லை. அந்த ஆண்டு ‘ஜெயிலர்’, ‘லியோ’ இரண்டுக்கும் இங்கே முதல் காட்சி காலை 9 மணிக்குத்தான். பக்கத்து மாநிலங்களில் அதற்கு முன்பே காட்சி தொடங்கியதால், ஓசூரிலிருந்து பெங்களூருக்கும் எல்லையோர ஊர்களிலிருந்து கேரளத்துக்கும் முந்தைய நாளே கிளம்பிப் போனார்கள் பலர். மற்றவர்கள் முதல் நாளுக்கு லீவு எழுதிக் கொடுத்தார்கள், அல்லது வேலை முடிந்து இரவுக் காட்சிக்குப் போனார்கள்.